இத்தாலிய சல்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் சல்சா ஆடுகிறார்கள் என்று தெரியும். அங்கே சல்சா இசையும் ஆக்குகிறார்களா?

ஆக்குகிறார்கள், நிறையவே ஆக்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட முழு இசைக்குழுக்கள் உண்டு. வீட்டு அறையில் கணினியும் கீபோர்டும் வைத்துக்கொண்டு தனியாகப் பாட்டுத் தயாரிக்கும் டிஜேக்கள் உண்டு. தாளத்தைக் கணினியில் கட்டிவிட்டு, பியானோவுக்கும் டிராம்போனுக்கும் மட்டும் ஆள் வரவழைக்கும் நடுத்தர வகையினரும் உண்டு. இந்தப் பக்கத்தில் இத்தாலிய சல்சா என்று குறிப்பிடுவது, இத்தாலியை இருப்பிடமாகக் கொண்ட இவர்கள் எல்லோரும் ஆக்கும் இசையை. அதைப் பாடுபவர் கியூபாவிலோ பெருவிலோ வெனிசுவேலாவிலோ பிறந்தவராக இருப்பது மிகச் சாதாரணம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. நியூயார்க்கில் வாத்தியக்காரர்கள் சல்சாவை ஆக்கினார்கள், ஆடுபவர்கள் பின்னால் வந்தார்கள். இத்தாலியில் ஆடுகளம் முதலில் நிரம்பியது. அதில் ஓடுவதற்கான பாட்டைப் பிறகுதான் ஆக்கத் தொடங்கினார்கள். இத்தாலிய சல்சாவின் நிறைகளில் பாதியும் குறைகளில் முக்காலும் இந்த வரிசை மாற்றத்திலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு.

சல்சாவின் பிறப்பில் இத்தாலியருக்குப் பங்கு உண்டா?

இசையில் பெரிதாக இல்லை, வியாபாரத்தில் உண்டு. கியூபாவின் சோன் இசையும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியவர்களின் இசையும் ஜாஸும் நியூயார்க்கில் கலந்து உருவான ஒலியை, சல்சா என்ற பெயரில் உலகமெங்கும் விற்றது ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனம். அதை 1964இல் தொடங்கிய இருவரில் ஒருவர் டொமினிக்கக் குடியரசில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் ஜானி பச்சேக்கோ. மற்றவர் ஜெர்ரி மசூச்சி, இத்தாலிய வம்சாவளியில் வந்த நியூயார்க் வழக்கறிஞர்; அதற்கு முன்பு அந்நகரக் காவல்துறையில் வேலை பார்த்தவர். பச்சேக்கோவின் விவாகரத்து வழக்கைக் கையிலெடுத்தபோது ஏற்பட்ட பழக்கம், இருவரையும் ஒரே நிறுவனத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இத்தாலியர் சல்சா செய்யலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு. ஆனால் மசூச்சி அமெரிக்காக்காரர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தாலி நாட்டுக்கும் அவர் செய்த காரியத்துக்கும் தொடர்பில்லை.

இத்தாலி நாட்டைத் தொட்டது அதற்கு முந்தைய மாம்போ அலை; மாம்போ என்பது கியூபாவிலிருந்து வந்த நடன இசை. 1955இல் தீனோ ரீசி இயக்கிய படமொன்றில் சோஃபியா லோரென் சொரெந்தோ நகரில் மாம்போ ஆடுகிறார். ஃபெல்லினி 1960இல் எடுத்த ‘லா தோல்சே வீத்தா’வில் கியூபாவின் பெரெஸ் பிராடோ அமைத்த ‘பத்ரீசியா’ ஒலிக்கிறது. அந்தத் தலைமுறை மாம்போவைச் சினிமா வழியாகவும் ரேடியோ வழியாகவும் ரசித்தது, அவ்வளவுதான். இன்றைய சல்சாக் குழுக்களின் வேர் அங்கே இல்லை.

அப்படியானால் எங்கே இருக்கிறது?

1990களில். சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு கியூபா அந்நியச் செலாவணிக்காகச் சுற்றுலாவை நம்ப வேண்டியதாயிற்று. அந்தப் பத்தாண்டில் அங்கே அதிகம் போய்வந்த ஐரோப்பியரில் இத்தாலியர் முன்வரிசையில் இருந்தார்கள். போனவர்கள் சுருட்டும் ரம்மும் மட்டும் கொண்டுவரவில்லை. ஒலிநாடாக்களும் இரண்டு மூன்று ஆட்ட அடவுகளும் கொண்டுவந்தார்கள். கியூபாவின் நடனக்காரர்களும் வாத்தியக்காரர்களும் திருமணம் செய்துகொண்டோ ஒப்பந்தத்தின் பேரிலோ இத்தாலிக்கு வந்து தங்கினார்கள். அதே காலத்தில் ஜெனோவாவில் ஈக்வடார் மக்களும் மிலானில் பெரு மக்களும் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். ரோம் நகரின் கப்பன்னெல்லே குதிரைப் பந்தயத் திடலிலும் மிலானை ஒட்டிய அஸ்ஸாகோவிலும் கோடைதோறும் நடந்த லத்தீன் அமெரிக்க விழாக்களில், பந்தி பந்தியாகச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே பெரிய குழுக்கள் மேடையேறின.

வந்தவர்களில் ஒருவரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஹவானாவில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் ஒராசியோ எர்னாந்தெஸ் 1990இல் கியூபாவை விட்டு வெளியேறி, நியூயார்க்குக்குப் போவதற்கு முன் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ரோமில் வாழ்ந்தார், அங்கே பாடமும் நடத்தினார். இடக்காலால் மிதிகட்டையை அழுத்தி ஒரு மணியில் சல்சாவின் ஆதாரத் தாளத்தைத் தட்டிக்கொண்டே, மற்றக் கைகால்களால் வேறு மூன்று தாளங்களை ஓட்டுபவர் அவர். இசைத்தட்டிலிருந்து காதால் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அப்படி ஒருவரை நாலடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பது எத்தனை ஆண்டுப் பயிற்சிக்குச் சமம் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தாலியின் சொந்த நடன மரபு இதில் ஏதாவது கலந்திருக்கிறதா?

கலந்திருக்கிறது, இத்தாலிய சல்சாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடமும் இதுதான்.

வடக்கு இத்தாலியில், குறிப்பாக எமிலியா-ரோமான்யா பகுதியில், பலேரா என்று ஒன்று உண்டு. குடும்பம் குடும்பமாக வந்து ஜோடி சேர்ந்து ஆடும் நடனக் கூடம், கோடையில் திறந்தவெளி. அங்கே வாசிக்கப்படும் வால்ஸ், போல்கா, மசூர்க்கா வகைகளுக்கு லீஷோ என்று பெயர். செகோந்தோ கஸாதேய் 1928இல் தொடங்கிய குழுவும், 1971இல் அவர் இறந்த பின் அதை நடத்திய அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ரவுல் கஸாதேயும் அந்த இசையை நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். பலேராவின் இசைக்குழு ஒரே வகையை வாசித்துப் பிழைக்க முடியாது. வால்ஸ் முடிந்தால் சா சா சா, அது முடிந்தால் டாங்கோ, நடுவில் எல்லோரும் வரிசையில் நின்று ஒரே அடவைப் போடும் கூட்டு நடனம் என்று ஓர் இரவுக்குள் பத்து வகை மாற வேண்டும். லத்தீன் தாளங்கள் பலேராவுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். சல்சா அலை வந்தபோது அதை வாசிக்கத் தயாராகக் கையில் வாத்தியத்தோடு ஒரு கூட்டம் இருந்தது.

வாத்தியங்களும் அருகிலேயே கிடைத்தன. அக்கார்டியன் செய்வதற்குப் பேர்போன கஸ்தெல்ஃபிதார்தோ ஊரும், தாளமும் பின்னணியும் தானாகவே வாசிக்கும் மின்னணுக் கீபோர்டுகளைச் செய்யும் அங்கோனா வட்டாரமும் மார்க்கே மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அந்தக் கீபோர்டில் ‘சல்சா’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் காங்கா என்ற கைமுரசும் மணியும் பாஸ் என்ற கீழ்ச்சுருதி வாத்தியமும் ஓடத் தொடங்கும். வாசிப்பவர் இடக்கையால் சுருதிக்கூட்டைப் பிடித்தால் போதும். ஒரு பாடகியும் இந்தக் கீபோர்டும் மட்டுமே கொண்ட ‘சல்சாக் குழு’க்கள் கடலோர உணவகங்களில் இன்றும் வாசிக்கின்றன. கேலி செய்யத் தோன்றும். ஆனால் அந்தப் பொத்தானில் தொடங்கி, அது ஏன் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று சலித்துப்போய் உண்மையான காங்காவைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

டிஜே எப்படிப் பாட்டு ஆக்குபவரானார்?

தேவை அவரை இழுத்துக்கொண்டு போனது. இத்தாலிய லத்தீன் இரவுகளில் பெரிய கூடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகளங்கள் இருக்கும்: ஒன்றில் கியூப சல்சா, ஒன்றில் நியூயார்க் பாணி, இன்னொன்றில் டொமினிக்கக் குடியரசின் பச்சாட்டா. மேடையில் நின்று அடவு காட்டிக் கூட்டத்தையே ஆடவைக்கும் அனிமத்தோரே என்ற ஆட்டத் தலைவர் வேறு. அவருக்கு, எத்தனை எண்ணுக்குப் பிறகு எந்த அடவு மாறுகிறது என்று முன்கூட்டியே தெரியும் பாட்டு வேண்டும். நியூயார்க் இசைத்தட்டு அப்படி இருக்காது. நடுவில் டிராம்போன்காரர் தன் விருப்பத்துக்கு இரண்டு நிமிடம் வாசிப்பார். ஆகவே டிஜே முதலில் இருந்த பாட்டை வெட்டி ஒட்டினார், முன்னால் தாளத்தை நீட்டினார், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல இடம் வைத்தார். வெட்டி ஒட்டிப் பழகிய கை, சில ஆண்டுகளில் சொந்தமாகவே ஒன்றைக் கட்டியது.

1990களில் ரொபெர்த்தோ போரிபெல்லோவும் பாவ்லோ ஃபிரான்கெத்தோவும் சேர்ந்த லோஸ் லோகோஸ் என்ற இருவர் குழு இந்தப் பாதையில் பெரிய அளவில் விற்றது. லத்தீன் அமெரிக்காவில் ஏற்கெனவே ஓடிய பாட்டை எடுத்து, கோடைக்கால ஆடுகளத்துக்கு ஏற்ப மறுபடி செய்து தருவது அவர்கள் தொழில். அதைச் சல்சா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தாலிய டிஜே ஸ்பானிஷ் பாட்டு செய்து சம்பாதிக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். பதிப்புத் துறையில் ரொபெர்த்தோ ஃபெர்ராந்தேயின் பிளானெட் ரெக்கார்ட்ஸ் குறிப்பிடத்தக்கது. இத்தாலியிலிருந்து இயங்கி, கியூபாவின் புதிய இசையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த நிறுவனம். ஹென்ட்டே தெ சோனா என்ற கியூபக் குழு உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே அதன் ஆல்பங்களை வெளியிட்டது.

உரிமைத் தொகைக்கும் இந்தப் பாட்டுகளின் பெருக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. இத்தாலியில் பொது இடத்தில் இசை ஒலித்தால், 1882இல் நிறுவப்பட்ட ஸியாயே என்ற படைப்பாளர் சங்கத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். இசைக்குழுவோ டிஜேயோ அன்றிரவு வாசித்த பாட்டுகளின் பெயரையும் ஆக்கியவர் பெயரையும் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதற்குப் பெயர் பொர்தெரோ. முன்பு காகிதம், இப்போது கணினி. வசூலான பணம், படிவத்தில் உள்ள பெயர்களின்படி பிரித்துத் தரப்படும்.

இதன் விளைவை ஊகிப்பது கடினமல்ல. ஊரார் பாட்டை வாசித்தால் பணம் ஊராருக்கு. தன் பாட்டை வாசித்தால் தனக்கு. பலேரா காலத்திலேயே நடன இசைக்கென்று தனிப் பதிப்பகங்கள் தோன்றி, தங்கள் பாட்டுகளை வாசிக்கும்படி குழுக்களுக்கு இசைக்குறிப்புகளை அனுப்பிவைத்தன. சல்சாவுக்கும் அதே பழக்கம் தொடர்ந்தது. தொகுப்பு ஆல்பங்களில் பெயர் கேள்விப்படாத பாட்டுகள் குவிந்து கிடப்பதற்கு ஆர்வம் ஒரு காரணம், பொர்தெரோ இன்னொரு காரணம்.

ஏன் இத்தாலிய மொழியில் பாடுவதில்லை?

முயன்றிருக்கிறார்கள், நிலைக்கவில்லை. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிபவை. ஸ்பானிஷில் ந, ச, ர ஒலிகளில் முடியும் சொற்கள் ஏராளம். சல்சாப் பாடகர் அந்த மெய்யொலியில் வெட்டி நிறுத்தித்தான் தாளத்தைக் கூர்மையாக்குகிறார். அதோடு, ஆடவருபவர் எதிர்பார்ப்பதும் ஸ்பானிஷ்தான். இத்தாலிய மொழியில் பாடினால் அது அவருக்கு ரேடியோப் பாட்டாகிவிடுகிறது.

இத்தாலியரே ஸ்பானிஷில் பாடும்போது நுண்ணிய ஒரு தடயம் எஞ்சும். வடக்கு இத்தாலியர் ‘ரோசா’, ‘கோசா’ போன்ற சொற்களில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ச ஒலியைத் தேனீ ரீங்கரிப்பது போல அதிரவைத்து உச்சரிப்பார்கள். ஸ்பானிஷில் அந்த அதிர்வு அந்த இடத்தில் கிடையாது. பாட்டு எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாதபோது நான் முதலில் கவனிப்பது இதைத்தான். பல முறை கைகொடுத்திருக்கிறது.

மொழியைத் தாண்டிய வெற்றிக்கு இத்தாலியப் பாடகி லவுரா பவுசினியைச் சொல்லலாம். ரோமான்யாவில் வளர்ந்து, சிறுவயதில் தந்தையோடு பியானோ பார்களில் பாடியவர். இத்தாலிய மொழியிலும் ஸ்பானிஷிலும் இணையாக ஆல்பம் வெளியிடுபவர். 1993இல் அவர் பாடிய ‘நோன் சே’யின் ஸ்பானிஷ் வடிவமான ‘சே ஃபுவே’வை, 2013இல் சல்சாப் பாடகர் மார்க் ஆண்டனியோடு சல்சாவாக மீண்டும் பாடினார். அவரைச் சல்சாப் பாடகி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மெல்லிசை மெட்டு ஒன்று சல்சாவின் எலும்புக்கூட்டில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க, இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பாடம்.

நல்ல இத்தாலிய சல்சாவையும் மோசமானதையும் காதால் எப்படிப் பிரித்தறிவது?

கைதட்டித்தான். சல்சாவுக்குக் கிளாவே என்ற ஐந்து தட்டுகள் அடிப்படை. ஒன்றிலிருந்து எட்டுவரை சீராக எண்ணிக்கொண்டு, ஒன்று, இரண்டரை, நான்கு, ஆறு, ஏழு ஆகிய இடங்களில் தட்டுங்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு. சில பாட்டுகளில் இரண்டு தட்டுள்ள பாதி முன்னால் வரும். எது முன்னால் வந்தாலும், பாட்டு நெடுக அந்த வரிசை மாறக் கூடாது. பியானோ, காங்கா, பாடகர், டிராம்போன் எல்லோரும் அதற்குள் அடங்கித்தான் விளையாட வேண்டும்.

கணினியில் கட்டிய பாட்டு சறுக்குவது இங்கேதான். எட்டு எண்ணிக்கை கொண்ட தாளத் துண்டை ஒட்டிக்கொண்டே போகிறார் தயாரிப்பாளர். தெரிந்த மெல்லிசைப் பாட்டு ஒன்றை அதன்மேல் வைக்கிறார். அந்தப் பாட்டில் ஒரு வரி நான்கு எண்ணிக்கை கூடுதலாக நீண்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளத் துண்டு அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். அடுத்த வரியிலிருந்து பாட்டு மூன்று தட்டுப் பாதியில் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு தட்டுப் பாதியில் நிற்கும். ஆடுபவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ இடறுகிறது என்று மட்டும் தோன்றும், காரணம் விளங்காது. காங்கா வாசிக்கும் கியூபக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டாவது பரீட்சை பாஸ். சல்சாவின் பாஸ் பெரும்பாலும் முதல் எண்ணில் வாசிக்காது. இரண்டரையிலும் நான்கிலும் வாசிக்கும், அந்த நான்காம் எண்ணிலேயே அடுத்த சுற்றின் சுருதிக்கூட்டை முன்கூட்டி எடுத்துவிடும். நம் கச்சேரி மொழியில் அதீத எடுப்பு என்றால் உடனே புரியும். ஆடுபவர் உடலை முன்னால் தள்ளுவது அந்த முந்தலும், ஒன்றாம் எண்ணில் விட்ட வெற்றிடமும்தான். டிஜேக்களில் சிலர் டிஸ்கோப் பழக்கத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெரிய டிரம் உதையை அடியில் சேர்த்துவிடுகிறார்கள். விட்ட இடம் நிரம்பிவிடுகிறது. ஒலி பெரிதாகிறது, ஆட்டம் கனத்துப்போகிறது.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 160 முதல் 220 துடிப்பு வரை ஆடத்தக்க சல்சா எங்கும் கிடைக்கும். இத்தாலியத் தயாரிப்புகள் அந்த எல்லையை அதிகம் மீறுவதில்லை.

இத்தாலியர் ‘போர்ட்டோ ரிக்கோ சல்சா’ என்று சொல்வது என்ன?

இசையைவிட ஆட்டத்தைக் குறிக்கும் சொல் அது. ஜோடி ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நகரும் பாணியை இத்தாலியில் அப்படி அழைப்பது வழக்கம். வட்டமாகச் சுற்றி ஆடுவதைக் கியூப சல்சா என்பார்கள். டிஜேக்கள் பாட்டையும் இந்த இரண்டு பெட்டிகளில் போட்டு வைப்பதால், கியூபக்காரர்கள் வாசித்த எத்தனையோ பாட்டுகள் ‘போர்ட்டோ ரிக்கோ’ அறையில் ஒலிக்கின்றன. பெயரை நம்பிப் புவியியல் படிக்க வேண்டாம்.

யாரிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1970களின் நியூயார்க் ஒலி பிடிக்கும் என்றால் லா மாக்சிமா 79. டிஜேயும் தயாரிப்பாளருமான ஃபப்ரீட்சியோ ஸோரோ முன்னின்று உருவாக்கிய இத்தாலியக் குழு. பெயரில் உள்ள எண்ணே எந்தக் காலத்தின் மீது காதல் என்று சொல்லிவிடுகிறது. டிராம்போன்கள் முன்னால் நிற்கும், பாடகர் பின்னால் அவசரமில்லாமல் வருவார். டிஜே ஒருவர் தன் ஆடுகள அறிவைக் கணினித் துண்டுகளுக்குச் செலவழிக்காமல் உண்மையான வாத்தியக்காரர்களுக்குச் செலவழித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

ஆடாமல் உட்கார்ந்து கேட்க விரும்பினால், டிரம்பெட் கலைஞர் ஃபப்ரீட்சியோ போஸ்ஸோவும் அர்ஜென்டினாவிலிருந்து வந்து இத்தாலியில் வாழும் சாக்ஸபோன் கலைஞர் ஹாவியேர் ஜிரோத்தோவும் சேர்ந்து நடத்திய லத்தீன் மூட் குழுவைக் கேட்கலாம். அது லத்தீன் ஜாஸ். சல்சாவின் பக்கத்து வீடு. பாரி நகரைச் சேர்ந்த டிஜேயும் கிட்டார் கலைஞருமான நிக்கோலா கொந்தே பிரேசிலின் போஸாநோவா பக்கம் சாய்பவர். சல்சா வேண்டும் என்று போனால் ஏமாற்றமாக இருக்கும். டிஜேயின் காது இசையமைப்பில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போனால் ஏமாற்றாது.

லத்தீன் அமெரிக்கர்கள் இதை ஏற்கிறார்களா?

வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தால் ஏற்கிறார்கள். குழுவுக்குள் நிலவும் கணக்கு வேறு: பாட்டை எழுதுவதும் உரிமையை வைத்திருப்பதும் இத்தாலியராக, குரல் மட்டும் கூலிக்கு வரும் கியூபரதாக இருந்தால், கசப்பு ஒரு நாள் வெளியே வரும். அட்டைப்படத்தில் பாடகர் பெயர் சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் தட்டும்.

நேரில் கேட்க இத்தாலிக்குப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

அறிவிப்பில் குழு பெயர் இருக்கிறதா, டிஜே பெயர் மட்டுமா என்று பாருங்கள். பெரும்பாலான இரவுகள் டிஜே மட்டும்தான். சீக்கிரம் போனால் நடன வகுப்பு நடந்துகொண்டிருக்கும், ஆட்டம் சூடுபிடிக்கப் பதினொரு மணியாகிவிடும். குழு மேடையேறும் இரவானால் தடுப்பை ஒட்டி, காங்காக்காரர் பக்கமாக இடம் பிடியுங்கள். முதல் பாட்டு தொடங்கியதும் யாராவது ஒருவர் இரண்டு மரக்குச்சிகளைத் தட்டுவார். அவரோடு சேர்ந்து ஒன்று, இரண்டரை, நான்கு, ஆறு, ஏழு என்று தொடையில் தட்டிப் பாருங்கள். அவர் இரண்டு தட்டிலிருந்து தொடங்கியிருந்தால் நீங்கள் ஒரு பாதி தள்ளி இருப்பீர்கள். நிறுத்திவிட்டு அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.